ஒரு சென்சார் களவுபோனால் எத்தனை கதவு திறக்கும்?

செட்டிநாட்டில் கம்பியில்லாச் சென்சார் வைக்க இரண்டு இடங்கள் உடனே நினைவுக்கு வருகின்றன. ஒன்று, கண்மாயும் ஊருணியும். பெரும்பாலும் மழையை நம்பியே ஊர் அமைத்த சீமை இது. கூரைத் தண்ணீர் தெருவுக்கும் தெருத் தண்ணீர் ஊருணிக்கும் போகும்படி வாட்டம் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். எந்தக் கண்மாயில் எத்தனை அடித் தண்ணீர் நிற்கிறது என்பது இங்கே இன்றைக்கும் பெரிய செய்தி. இன்னொன்று, பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள். கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை என எங்கே போனாலும், பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்க, விசேஷத்துக்கு மட்டும் திறக்கிற வீடுகள் தெருத்தெருவாக நிற்கின்றன. பர்மாத் தேக்கில் ஈரம் ஏறுகிறதா, ஓடு விலகி ஒழுகுகிறதா, உள்ளே ஆள் நடமாட்டம் உண்டா என்று தூரத்திலிருந்து பார்க்க ஒரு சின்னப் பெட்டி போதும்.

இந்த இரண்டு இடத்துக்கும் வேண்டிய பாதுகாப்பு ஒன்றல்ல. கண்மாயின் நீர்மட்டம் ரகசியமே இல்லை; கரையில் நின்றால் யாருக்கும் தெரியும். ஆனால் ‘தண்ணீர் நிரம்பிவிட்டது, மடையைத் திறக்கலாம்’ என்ற செய்தி சென்சாரிலிருந்துதான் வந்ததா, வேறு யாராவது அனுப்பியதா என்பது பெரிய கேள்வி. பொய்ச் செய்தியை நம்பி மடை திறந்தால் ஆயக்கட்டுக்குள் சண்டைதான். பூட்டிய வீட்டில் நிலைமை வேறு. அங்கே ‘மூன்று மாதமாக யாரும் வரவில்லை’ என்ற உண்மைச் செய்தியே பிறர் காதில் விழக்கூடாது. முதல் இடத்தில் அனுப்பியவர் யார் என்ற உறுதி வேண்டும். இரண்டாவது இடத்தில் அதோடு ரகசியமும் வேண்டும். இரண்டையும் தருவது மறைச்சாவிகள்தான், அதாவது செய்தியை மறைக்கவும் சரிபார்க்கவும் பயன்படும் ரகசிய எண்கள்.

பாதுகாப்பு என்றதும் பலர் ‘ஏஇஎஸ் போட்டிருக்கிறோம்’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். 2001-ல் அமெரிக்கத் தரமாக அறிவிக்கப்பட்ட மறையாக்க முறையான ஏஇஎஸ் இன்றும் உறுதியாகத்தான் நிற்கிறது. 128 பிட் சாவியை ஒவ்வொன்றாக முயன்று கண்டுபிடிக்க யாராலும் முடியாது. அதனால் யாரும் அதை முயல்வதும் இல்லை. சாவி எங்கே இருக்கிறதோ அங்கே போய் எடுத்துக்கொள்கிறார்கள். சென்சார் வலையமைப்பில் சாவி இருக்கும் இடமோ, ஆளில்லாத கண்மாய்க் கரையில் கம்பத்தில் கட்டிய ஒரு பிளாஸ்டிக் பெட்டி. வங்கி சர்வருக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வித்தியாசம் இதுதான். பெட்டி என்றைக்காவது களவுபோகும் என்று வைத்துக்கொண்டே திட்டம் போட வேண்டும். அப்படிக் களவுபோகும் ஒரு பெட்டி, மற்ற எத்தனை பெட்டிகளின் கதவைத் திறக்கும்? ஒரு சாவி ஏற்பாடு நல்லதா கெட்டதா என்பதை நான் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோடுவேன்.

பெட்டிக்குள் எடுப்பது எவ்வளவு சுலபம் என்று பார்த்துவிடுவோம். நாலு திருகைக் கழற்றினால் உள்ளே பலகை. அதன் ஓரத்தில் வரிசையாக நாலைந்து துளைகள் இருக்கும். தயாரித்தவர்கள் புரோகிராம் ஏற்றுவதற்காக விட்ட இடம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி மாற்றியை அதில் இணைத்து, ஃபிளாஷ் மெமரி முழுவதையும் லேப்டாப்பில் இறக்கிக்கொள்ளலாம். படிக்கவிடாத பூட்டை சிப்பில் போட்டிருந்தால் வேலை கடினம். நான் பார்த்த மாணவர் ப்ராஜெக்ட்களில் அந்தப் பூட்டு பெரும்பாலும் போடப்பட்டிருக்காது. சாவி புரோகிராமின் முதல் வரிகளிலேயே எழுதப்பட்டிருக்கும். இறக்கியதில் சாவி எது என்று தெரியாவிட்டாலும் கவலையில்லை. இன்னொரு பெட்டியையும் கழற்றி, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் போதும். வேறுபடுகிற சில பைட்டுகள்தான் அடையாள எண்ணும் சாவியும். அடையாள எண்ணைத் தவிர எதுவுமே வேறுபடவில்லை என்றால் செய்தி இன்னும் மோசம்: எல்லாப் பெட்டியிலும் ஒரே சாவி.

நகரத்தார் வீட்டை உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. முகப்புக் கதவு எல்லாருக்கும் பொது. வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது ஒவ்வொரு தம்பதிக் குடும்பத்துக்கும் தனித்தனி. அதனதன் சாவி அவரவரிடம். ஒரு அறைச் சாவி தொலைந்தால் அந்தப் பூட்டை மட்டும் மாற்றினால் போதும், மற்ற அறைகளுக்கு ஒன்றுமில்லை. எல்லா அறைக்கும் ஒரே சாவி என்று யாரும் வைக்கமாட்டார்கள். சென்சார் வலையில் மட்டும் அதைத்தான் தயங்காமல் செய்கிறோம்.

சரி, ஒவ்வொரு நோடுக்கும் (வலையில் உள்ள ஒவ்வொரு சென்சார் பெட்டிக்கும்) தனிச் சாவி கொடுத்துவிட்டுப் போகலாமே, இதில் என்ன ஆராய்ச்சி என்று கேட்கலாம். நோடுகள் எல்லாம், செய்திகளைச் சேர்த்து சர்வருக்கு அனுப்பும் ஒரே கேட்வேயுடன் மட்டும் நேரே பேசினால் ஒரு சிக்கலும் இல்லை. நோடுகள் ஒன்றுக்கொன்று பேசி, செய்தியைக் கைமாற்றிக் கொண்டுபோகிற வலையில்தான் சிக்கல். நூறு நோடுகளில் எந்த இரண்டும் தங்களுக்குள் ஒரு தனிச் சாவி வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் மொத்தம் 4,950 சாவிகள். ஒவ்வொரு நோடும் 99 சாவிகளைச் சுமக்க வேண்டும். பத்தாயிரம் நோடு என்றால் ஆளுக்கு 9,999. இருபது ஆண்டுகளுக்கு முன் ஆய்வகங்களில் பரவலாக இருந்த மைக்கா2 என்ற நோடில் ரேம் வெறும் 4 கிலோபைட். 16 பைட் சாவிகள் 256 வைத்தாலே அது நிரம்பிவிடும்.

வெளியே சொல்லும் சாவி ஒன்று, தன்னிடமே வைக்கும் சாவி ஒன்று என்று ஆளுக்கு ஒரு ஜோடி தரும் பொதுச்சாவி முறையைப் போட்டால் இந்தச் சுமை இல்லை. ஆனால் அதற்குக் கணக்கு அதிகம், கணக்குக்குப் பேட்டரி அதிகம். பேட்டரி ஆராய்ச்சிக்குப் பெயர்போன சிக்ரி காரைக்குடியிலேயே இருப்பதால், மின்கலத்தின் ஒவ்வொரு துளியும் எவ்வளவு அருமையானது என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மைக்கா2-வில் இருந்த அதே வகை 8 பிட் சிப்பில் 2004-ல் அளந்து பார்த்தார்கள். பொதுச்சாவி முறைகளில் ஒன்றான 1024 பிட் ஆர்எஸ்ஏ-வில், தன்னிடமே வைக்கும் சாவியால் போடும் ஒரு கணக்குக்கு ஏறக்குறைய 11 விநாடி ஆனது. அதற்கு ஈடான வலு உள்ள 160 பிட் நீள்வளைவு (எலிப்டிக் கர்வ்) என்ற இன்னொரு பொதுச்சாவி முறைக்கு ஒரு விநாடிக்கும் குறைவு, 0.81. நீள்வளைவு முறை சின்னக் கருவிகளுக்கு ஏற்றது என்ற நம்பிக்கை பரவ இந்த அளவீடு ஒரு முக்கியக் காரணம்.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 2002-ல், மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஷனவரும் கிளிகோரும் பொதுச்சாவியே வேண்டாத ஒரு வழியைச் சொன்னார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை அது. பெரிய சாவிக் குவியல் ஒன்றை உருவாக்கு. ஒவ்வொரு நோடும் அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு கைப்பிடி எடுத்துக்கொள்ளட்டும். களத்தில் போட்டபின் பக்கத்து நோடுகளுடன் ஒப்பிட்டு, பொதுவான சாவி இருந்தால் அதில் பேசட்டும். இல்லாவிட்டால் இருவருக்கும் தெரிந்த மூன்றாவது நோடு வழியாகப் பேசட்டும். 10,000 சாவிக் குவியலில் ஆளுக்கு 100 எடுத்தால், ஏதோ இரண்டு நோடுகளிடம் குறைந்தது ஒரு சாவியாவது பொதுவாக இருக்க நூற்றுக்கு ஏறக்குறைய 64 வாய்ப்பு. குவியலில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் கையில் இருந்தும் இவ்வளவு!

இனி நம் கேள்வியை இதன்மேல் வைத்துப் பார்ப்போம். ஒரு நோடு களவுபோனால் குவியலில் நூறு சாவி திருடன் கையில். மற்ற இணைப்புகளில் நூற்றுக்கு ஒன்று அவனுக்குத் திறக்கும். இது தாங்கக்கூடியது. ஐம்பது நோடு போனால்? மற்ற இணைப்புகளில் நூற்றுக்கு ஏறக்குறைய நாற்பது திறந்துவிடும். பொதுவான சாவி ஒன்று போதாது, பலவும் ஒத்துப்போனால்தான் பேசுவோம் என்று 2003-ல் சான், பெரிக், சாங் மூவரும் ஒரு திருத்தம் தந்தார்கள். சில நோடுகள் மட்டும் போகும்வரை அது பழைய முறையைவிட நன்றாகத் தாங்குகிறது. நிறையப் போய்விட்டால் பழையதைவிட மோசமாகிறது. இன்னொரு குறையும் இந்தக் குடும்பத்துக்கே பொது. ஒரே சாவி பல நோடுகளிடம் இருப்பதால், பேசுவது இன்ன நோடுதான் என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. ரகசியம் கிடைக்கிறது, ஆள் அடையாளம் கிடைக்கவில்லை. கண்மாய்க்கு நமக்கு வேண்டியதோ அந்த அடையாளம்தான்.

அதே 2003-ல் வந்த லீப் என்ற ஏற்பாடு இதை வேறு பக்கத்திலிருந்து பிடித்தது. எல்லா நோடுகளிலும் ஆரம்பத்தில் ஒரே மூலச் சாவி இருக்கும். களத்தில் வைத்தவுடன் ஒவ்வொரு நோடும் பக்கத்து நோடுகளை அடையாளம் கண்டு, மூலச் சாவியையும் அவற்றின் எண்ணையும் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி கணக்கிட்டுக்கொள்ளும். வேலை முடிந்ததும் மூலச் சாவியை நினைவகத்திலிருந்து அழித்துவிடும். அதன்பின் பெட்டியைத் திருடினாலும் அதன் பக்கத்து இணைப்புகள் மட்டுமே போகும். பெட்டியைக் கட்டிய முதல் சில நொடிகளுக்குள் யாரும் அதைத் திறந்துவிட முடியாது என்பதுதான் இதன் அடித்தளம். கட்டும்போது நாம் அங்கேயே நிற்கிறோம் என்பதால் அது நியாயமான நம்பிக்கை. அழிக்கும் வரியை எழுத மறந்துவிட்டால் மட்டும் அத்தனையும் வீண்.

சாவி சேர்ந்துவிட்டது. இனி அடையாளச் சரிபார்ப்பு. செய்தியையும் சாவியையும் சேர்த்துக் கணக்கிட்ட ஒரு சின்னக் குறியைச் செய்தியின் வாலில் ஒட்டி அனுப்புவார்கள். சாவி இல்லாதவரால் சரியான குறியைப் போட முடியாது. நடுவில் ஒரு பிட் மாறினாலும் குறி ஒத்துவராது. சென்சார் உலகில் இந்தக் குறி பல நேரம் வெறும் 4 பைட். இணையத்தில் பழகியவர்களுக்கு இது பயமுறுத்தும் அளவுக்குச் சிறியது. 2004-ல் டைனிசெக் என்ற ஏற்பாட்டை உருவாக்கியவர்கள் இதற்கு அருமையான பதில் சொன்னார்கள்: அன்றைய ரேடியோவின் வேகத்தில் விநாடிக்கு நாற்பது பொய்ப் பாக்கெட்டுகளுக்குமேல் அனுப்ப முடியாது, குருட்டாம்போக்கில் ஒரு குறி பொருந்த இருபது மாதத்துக்குமேல் விடாமல் அனுப்ப வேண்டும், அதற்குள் அலைவரிசை அடைத்துக்கொண்டு எல்லாருக்கும் தெரிந்துவிடும். ரேடியோ வேகமாகும்போது இந்தக் கணக்கும் மாறும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

குறி சரியாக இருந்தால் மட்டும் போதாது. நேற்றைக்கு வந்த ‘நிரம்பிவிட்டது’ செய்தியை அப்படியே பதிவு செய்து, வறண்ட நாளில் ஒருவர் திரும்ப ஒலிபரப்பினால்? குறி சரியாகத்தான் இருக்கும். அதனால் ஒவ்வொரு செய்தியிலும் ஏறிக்கொண்டே போகும் ஒரு எண் இருக்கும். பழைய எண்ணோடு வருவதை சர்வர் தள்ளிவிடும். இங்கேதான் களத்தில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. பேட்டரி மாற்றினதும் நோடு தன் எண்ணை மறந்து பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறது. சர்வர் அதைப் பழைய செய்தி என்று நினைத்து எதையும் ஏற்க மறுக்கிறது. தரவு வரவில்லையே என்று பதறுகிறவர் சர்வரின் அமைப்புப் பக்கத்தில் தேடி, எண் சரிபார்ப்பை நிறுத்தும் கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிடுகிறார். தரவு உடனே வர ஆரம்பித்துவிடும். அன்றிலிருந்து பழைய செய்தியைத் திருப்பி அனுப்புகிறவருக்கும் வழி திறந்துவிட்டது. அதோடு முடியவில்லை. அதே சாவி, அதே எண் என்று இரண்டாவது முறை மறையாக்கம் செய்தால், இரண்டு செய்திகளையும் ஒன்றோடொன்று கழித்து உள்ளடக்கத்தை ஊகிக்க முடியும். நீர்மட்டம் போலச் சில எண்களுக்குள் அடங்கும் தரவில் அந்த ஊகம் மிக எளிது. எண்ணை மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் எழுதி வைப்பதுதான் சரியான மருந்து.

இதுவரை சொன்னது நோடு பேசி சர்வர் கேட்பது. மாறாக, கேட்வே எல்லா நோடுகளுக்கும் ஒரே நேரத்தில் ஒரு கட்டளை சொல்ல வேண்டியிருந்தால்? எல்லாரிடமும் ஒரே சாவி இருந்தால் எந்த நோடும் கேட்வே போல நடிக்கலாம். பெர்க்லியில் அட்ரியன் பெரிக்கும் சகாக்களும் 2001-ல் தந்த மியூடெஸ்லா இதை நேரத்தை வைத்துத் தீர்த்தது. கேட்வே ஒரு சாவியில் ஆரம்பித்து, ஒருவழிக் கணக்கால் (விடையிலிருந்து பின்னோக்கிப் போக முடியாத கணக்கு) அடுத்தது, அதிலிருந்து அடுத்தது என்று நீண்ட சங்கிலி செய்துகொள்கிறது. கடைசிக் கண்ணியை மட்டும் நோடுகளுக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்டு, சங்கிலியைப் பின்னாலிருந்து முன்னால் பயன்படுத்துகிறது. இந்த நிமிடம் அனுப்பிய கட்டளையின் குறி எந்தச் சாவியால் போடப்பட்டது என்பதைச் சில நிமிடம் கழித்துத்தான் வெளியிடும். அதுவரை நோடு கட்டளையைக் கையில் வைத்துக் காத்திருக்கும். சாவி வந்ததும், அதை ஒருவழிக் கணக்கில் போட்டுத் தன்னிடமுள்ள கண்ணி வருகிறதா என்று பார்க்கும். வந்தால் கேட்வே சொன்னதுதான். சாவி வெளியான பிறகு யார் அதை வைத்துப் பொய்க் குறி போட்டாலும், அதன் நேரம் முடிந்துவிட்டதால் செல்லாது. பொதுச்சாவி இல்லாமலேயே கையெழுத்துக்கு இணையான ஒன்றைத் தருகிறது. எல்லா நோடுகளின் கடிகாரமும் ஓரளவு ஒத்துப்போக வேண்டும் என்பதும், கட்டளை கொஞ்சம் தாமதமாகும் என்பதும் அதற்குக் கொடுக்கும் விலை.

இன்றைக்குக் கண்மாய்க் கரையில் வைக்கக் கிடைப்பது பெரும்பாலும், குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் போகும் லோராவான் என்ற ரேடியோ முறைக் கருவிகள். இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். செட்டிநாட்டு வீட்டுச் சுவரின் தடிமனிலும் இந்த அலைவரிசை வைஃபையைவிட நன்றாக ஊடுருவும். இதில் நோடுகள் தங்களுக்குள் பேசுவதில்லை, நேரே கேட்வேக்குத்தான். ஆகவே சாவிக் குவியல், பக்கத்து நோடு என்ற சிக்கலெல்லாம் இங்கே இல்லை. ஒவ்வொரு நோடுக்கும் ஆப்கீ என்ற ஒரு 128 பிட் மூலச் சாவி. நோடு வலையில் சேரும்போது அதிலிருந்து இரண்டு தற்காலிகச் சாவிகள் பிறக்கும்: ஒன்று வலையமைப்பு செய்தியைச் சரிபார்க்க, மற்றொன்று தரவை மறைக்க. மீண்டும் சேர்ந்தால் புதிய சாவிகள். சேராமலே சாவியை நிரந்தரமாக ஏற்றிவிடும் இன்னொரு வழியும் உண்டு. பேட்டரி மாற்றும் தொல்லை பெரும்பாலும் அந்த வழியில்தான் வருகிறது. முடிந்தவரை அதைத் தவிர்க்கச் சொல்வேன். இங்கும் குறி 4 பைட்தான். பொதுச்சாவிக் கையெழுத்து ஏன் இல்லை என்பவர்களுக்கு ஒரு கணக்கு: மிகத் தூரம் போகும் வேகத்தில் ஒரு செய்தியில் 51 பைட் தரவுதான் கொள்ளும், வழக்கமான 256 பிட் நீள்வளைவுக் கையெழுத்து மட்டுமே 64 பைட்.

வீட்டுக்குள் ஜிக்பீ என்ற குறுந்தூர ரேடியோ முறையில் பேசும் சென்சார்கள் பரவலாக இருக்கின்றன. அதன் பழைய ஏற்பாட்டில், புதுக் கருவி வலையில் சேரும்போது வலையின் சாவியை மறைத்து அனுப்ப ‘ஜிக்பீஅலையன்ஸ்09’ என்ற ஆங்கிலப் பதினாறு எழுத்துகளே, வேறு சாவி வைக்காவிட்டால் பயன்படும் சாவியாக இருந்தன. உலகம் முழுவதும் ஒரே சாவி, உலகத்துக்கே தெரிந்த சாவி. சேரும் அந்தச் சில நொடிகளில் ஒருவர் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தால் வலை முழுவதும் அவர் கையில். பின்னால் வந்த ஜிக்பீ 3.0-ல் ஒவ்வொரு கருவிக்கும் தனிக் குறியீடு தரும் வழி வந்துவிட்டது. வாங்கும்போது அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2016-ல் ஆய்வாளர்கள் பிலிப்ஸ் ஹியூ விளக்குகளில் இன்னொன்றைக் காட்டினார்கள். மென்பொருள் புதுப்பிப்பைப் பாதுகாத்த சாவி, அந்த வகை விளக்குகள் அனைத்துக்கும் பொது. சிப் இழுக்கும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்தே அதை வெளியே எடுத்துவிட்டார்கள். ஒரு விளக்கு, எல்லா விளக்குகளின் கதவையும் திறந்தது.

பூட்டிய வீட்டுக்கு இன்னொரு கவனமும் வேண்டும். நடமாட்டச் சென்சார் ஆள் வந்தால் மட்டும் செய்தி அனுப்பும்படி வைத்திருந்தால், எவ்வளவு நன்றாக மறையாக்கம் செய்தாலும் பயனில்லை. வெளியே நிற்பவர் செய்தியைப் படிக்கவே வேண்டாம். வாரக்கணக்கில் ரேடியோ மௌனமாக இருக்கிறது என்பதே அவருக்குப் போதும். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் ஒரே நீளச் செய்தி போய்க்கொண்டிருக்க வேண்டும். பேட்டரி கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

இத்தனை கணக்கையும் தாண்டி, நடைமுறையில் சாவி அதிகம் கசிவது காகிதத்திலும் வாட்ஸாப்பிலும்தான். நூறு கருவிகளுக்கான ஆப்கீ பட்டியல் ஒரு எக்ஸெல் கோப்பாக வருகிறது. விற்றவர், பொருத்தியவர், சர்வர் பார்ப்பவர், இடையில் மாறிப்போன பணியாள் என எல்லார் போனிலும் அது தங்கிவிடுகிறது. சில கருவிகளில் சாவியை ஸ்டிக்கராகப் பெட்டியிலேயே ஒட்டியிருப்பார்கள். மலிவான சிலவற்றில் எல்லாவற்றுக்கும் ஒரே ஆப்கீ ஏற்றப்பட்டு வருவதும் உண்டு. ஆகவே கருவி வந்ததும், கம்பத்தில் கட்டுமுன், மேசையிலேயே புதுச் சாவி ஏற்றிவிட வேண்டும். நிறைய நோடு இருந்தால் ஒரு மூல ரகசியத்தையும் நோடின் எண்ணையும் சேர்த்துக் கணக்கிட்டு ஒவ்வொன்றுக்கும் சாவி பெறலாம், பட்டியலே தேவைப்படாது. அந்த மூல ரகசியம் மட்டும் சர்வரைத் தாண்டி எந்த நோடுக்குள்ளும் போகக் கூடாது. செலவு செய்ய முடிந்தால், சாவியை வெளியே விடாமல் உள்ளேயே வைத்துக் கணக்குப் போடும் தனிச் சிப் உள்ள பலகையாக வாங்கலாம்.

ஊராட்சியோ வீட்டுப் பங்காளிகளோ இந்த வேலையை ஒருவரிடம் ஒப்படைக்கும்போது விலைப்புள்ளியோடு எழுத்தில் வாங்க வேண்டியவை சில உண்டு. ஒவ்வொரு நோடுக்கும் தனிச் சாவியா? சிப்பின் படிப்புப் பூட்டு போடப்பட்டிருக்கிறதா? பேட்டரி மாற்றினால் எண் நிலைக்கிறதா? ஒப்பந்தம் முடியும்போது எல்லாச் சாவியையும் மாற்றி, புதியதை நம்மிடம் மட்டும் தருவார்களா? அப்புறம், பழுதான நோடைக் கழற்றிக் கொடுக்குமுன் சர்வரில் அதன் பதிவை நீக்கிவிட வேண்டும். நோடு முதலில் போய், பதிவு மாதக்கணக்கில் உயிரோடு இருப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. சரிசெய்து திரும்பி வந்தாலும் பழைய சாவியோடு அதை ஏற்கக் கூடாது. புது நோடாகவே சேர்த்து, புதுச் சாவி கொடுத்த பிறகே கம்பத்தில் ஏற்ற வேண்டும்.